முன்மொழிந்தவன் நான்

1

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து பனியை மிதித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த சரோஜா, "ஊர்லேர்ந்து ரெண்டு கடுதாசி வந்திருக்குது" என்றாள். மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். இரண்டு சேர்ந்து வந்தால் மனம் முதலில் சாவைத்தான் நினைக்கிறது. காலணியைக் கழற்றாமலே வாங்கிப் பார்த்தேன்.

நான் இருப்பது மேற்கு ஜெர்மனியில், பழுப்பு நிலக்கரி எடுக்கும் ஒரு சிறு நகரத்தில். நெய்வேலியில் மண்ணைத் தோண்டிய அதே ஜாதி ராட்சத இயந்திரத்தில்தான் இங்கேயும் எனக்கு வேலை. வந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது.

ஒரு கடிதம் முத்தாண்டிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை ஜெயா எழுதியது. மழை தவறியது, அரிசி கிடைக்காமல் எல்லாரும் அலைவது, பையனுக்குப் பல் முளைத்தது என்று எழுதிக்கொண்டே போனவள், கடைசியில் நாலு வரி சேர்த்திருந்தாள். "தை முடிந்ததும் சட்டசபைத் தேர்தல் அண்ணா. மல்லாட்டை மண்டிக்காரர் மறுபடியும் ஆளுங்கட்சியில் நிற்கிறார். எதிர்க்கட்சியில் ஒரு சின்ன வயசு வக்கீல். அவர் பேச்சைக் கேட்க ராவெல்லாம் ஜனம் உட்கார்ந்திருக்கிறது. நம்ம ஊர் தங்கராசும் நிற்கப் போகிறாராம். மைக் கட்டிய வண்டியில் 'கள்ளக் கையெழுத்து தங்கராசுக்கா உங்கள் ஓட்டு' என்று கத்திக்கொண்டு போகிறார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது."

இரண்டாவது கடிதம் அந்தத் தங்கராசு எழுதியது. ஐந்து வருஷத்தில் அவன் எனக்கு எழுதிய முதல் கடிதம்.

"அன்புள்ள கலியபெருமாளுக்குத் தங்கராசு எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். வரும் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறேன். போன முறை என்னைத் தவிர எங்கள் காலனி ஆட்கள் பெயர் ஒன்றுகூட வாக்காளர் பட்டியலில் இல்லை. இந்த முறை எல்லோர் பெயரும் ஏறிவிட்டது. ஆனால் டவுன்ஷிப் பட்டியலில் ஊரை விட்டுப் போனவர்கள் பெயர் நிறைய அப்படியே கிடக்கிறது. அந்தப் பெயர்களில் கள்ள ஓட்டுப் போட ஆள் சேர்க்கிறார்கள். பிளாக் பிளாக்காகப் போய் விசாரித்து, இல்லாதவர்கள் பெயரை நீக்கச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பெயரும் உங்கள் வீட்டில் அவர்கள் பெயரும் அதில் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. ஒரு வரி பதில் எழுதவும்."

அவ்வளவுதான். மைக் வண்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழையதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

2

ஊரை விட்டு வந்தவனுக்கு ஓட்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். இங்கே எங்களுக்கு ஓட்டு கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, தங்கும் நோக்கம் என்ற கட்டத்தில் 'தற்காலிகம்' என்று டைப் அடிப்பார். நாலு வருஷமாக அதே வார்த்தை, அதே கட்டம். நெய்வேலியில் நான் பர்மனன்ட் ஆள். இருபத்தாறு வயதில் பர்மனன்ட் ஆனதற்கு என் மாமனார் பொங்கல் வைத்துப் படைத்தார்.

பாஷையும் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. வந்த முதல் குளிர்காலத்தில் இயந்திரத்தின் மேல்தட்டில் நடுங்கிக்கொண்டு நின்றேன். தெரிந்த அரைகுறை இங்கிலீஷை வைத்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, 'நான் குளிராக இருக்கிறேன்' என்று ஃபோர்மனிடம் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செத்துக் கட்டையானவன்தான் அப்படிச் சொல்ல முடியுமாம். இவர்களும் நம்மைப் போல 'எனக்குக் குளிர்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் நினைத்திருந்தால் சரியாக வந்திருக்கும்.

எங்கள் மகள் மலருக்கு ஏழு வயது. சரோஜா தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். டிசம்பர் தொடக்கத்தில் இந்த நாட்டில் ஆட்சி மாறியது. பக்கத்து வீட்டு டெலிவிஷனில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, நமக்குப் புது சான்சலர் வந்துட்டாரு!" அந்த வாக்கியத்தை மட்டும் பிழையில்லாத தமிழில் சொன்னாள். 'நமக்கு' என்றாள்.

அன்று கடிதங்கள் மேஜைமேல் கிடந்தபோது தங்கராசுவின் கடிதத்தை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதிலிருந்த தமிழ் எழுத்துகளைக் காட்டி, "இது என்ன படம்?" என்று கேட்டாள்.

3

எங்கள் ஊர் கூத்தங்கொல்லை. இப்போது அது சுரங்கத்துக்குள் இருக்கிறது. ஊர் இருந்த இடத்தில் இரண்டு பனை உயரத்துக்குப் பள்ளம். அந்தப் பள்ளத்தை வெட்டிய இயந்திரத்தில் நான் ஹெல்ப்பராக இருந்தேன்.

என் அப்பாவுக்கு அங்கே மூன்று காணி மானாவாரி நிலம் இருந்தது. முந்திரியும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் விளையும். நிலம் போனது. அதற்கு ஈடாக எனக்கு வேலை வந்தது, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வந்தது. தங்கராசு காலனி ஆள். எட்டாவது வரை எனக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து படித்தவன். அவர்களுக்கு ஊரில் குடிசை இருந்தது, நிலம் இல்லை. இல்லாத நிலத்தை யாரிடம் கொடுத்து வேலை கேட்பது? அவனும் அவன் ஜனங்களும் கான்ட்ராக்டில் மண் சுமந்தார்கள். குடிசைகள் பிரிக்கப்பட்டதும் குள்ளஞ்சாவடி ரோட்டோரம் கொஞ்சம், முத்தாண்டிக்குப்பம் பக்கம் கொஞ்சம் என்று சிதறிப்போனார்கள்.

ஊரில் இருந்தவரை தங்கராசு எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவனும் வரமாட்டான், நாங்களும் கூப்பிட்டதில்லை. தெருவில் நாலு பேர் இருந்தால் என்னை 'நீங்க' என்பான். தனியாக இருந்தால் 'நீ', 'கலியா'. குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். சரோஜா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். எங்கள் பிளாக்கில் யார் எந்த ஊர், என்ன ஆள் என்று யாருக்கும் தெரியாது. டவுன்ஷிப்பில் எனக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான்.

அறுபத்திரண்டு தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் வேட்புமனுத் தாளை நீட்டினான்.

"நிக்கப்போறேன் கலியா. முன்மொழிய ஒரு ஆளு வேணும். இந்தத் தொகுதி லிஸ்ட்ல பேரு இருக்கிற ஆளா இருக்கணுமாம்."

"காலனில யாரும் இல்லியா?"

"அதான் சங்கதியே. என் பேரு ஒண்ணுதான் இருக்குது. அதுவும் தாலுக்கா ஆபீசுக்கு மூணு வாட்டி நடந்து ஏத்திக்கினேன். மத்தவன் எவன் பேரும் இல்ல. வூடு இருந்தாதான் கதவு நம்பரு, நம்பரு இருந்தாதான் பேராம். பேரு எழுத வந்தவங்கள குத்தஞ்சொல்ல முடியாது. ஊரே இல்லாத எடத்துல அவங்க யார வந்து எழுதுவாங்க?"

"நீ ஜெயிப்பியா தங்கராசு?" என்று கேட்டேன்.

சிரித்தான். "ஜெயிக்கவா நிக்கிறேன்? டெபாசிட்டே வராது. நின்னா, நீ யாரு, எந்த ஊரு, ஒங்க ஆளுங்க எங்கன்னு கேட்டுத்தான ஆவணும்? அப்ப சொல்லலாம் இல்ல. இப்ப கேக்கிறதுக்கே ஆளு இல்லியே."

எனக்கு முன் நாலு பர்மனன்ட் ஆட்களைக் கேட்டிருந்தான். எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். டிரங்குப் பெட்டிமேல் தாளை வைத்து நான் கையெழுத்துப் போட்டேன். சரோஜா காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் தாளை ஊதிக் காயவைத்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். போகும்போது வாசலில் நின்று, "மறக்க மாட்டேன் கலியா" என்றான்.

4

அப்போதுதான் என் பாஸ்போர்ட் மனுவும் போயிருந்தது. இயந்திரம் பூட்ட வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் என் வேலையைப் பார்த்துவிட்டுத் தன் ஊர்ச் சுரங்கத்துக்கு வரச் சொல்லியிருந்தார். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி.

நான் கையெழுத்துப் போட்ட மறுநாள் ஏட்டு ஒருவர் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பெயர், அப்பா பெயர், வழக்கு உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே, "கட்சி கிட்சின்னு எதுலயும் இல்லியே?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் போன பிறகு என் மாமனார் வந்தார். யாரோ அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். சரோஜா குழாயடிக்குப் போயிருந்தாள்.

"மாப்ள, அந்தப் பையனுக்குக் கையெழுத்துப் போட்டீங்களாமே. நெசமா?"

"ஆமாங்க."

"எலெக்சன் பேப்பர்ல பேரு போனா ரிக்கார்டு ஆயிடும். நாளைக்கி பாஸ்போட்டு ஆபீஸ்ல இந்த ஆளு அரசியல்வாதின்னு எழுதிட்டான்னா? நெலமும் போயிடுச்சி. இருக்கிறது இந்த ஒரு வழிதான். பாத்துக்குங்க."

என்னை யாரும் மிரட்டவில்லை. வேலையிடத்தில் மேலாளர் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனை வருஷம் எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தது என் பயம் மட்டும்தான்.

வேட்புமனுப் பரிசீலனை கடலூரில் நடந்தது. யாராவது ஆட்சேபித்தால் முன்மொழிந்தவரும் இருப்பது நல்லது என்று தங்கராசு என்னைக் கூட்டிப் போனான். வடலூரில் பஸ் ஏறினோம். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். நின்றுவிட்டால் எந்தெந்த ஊரில் என்ன பேசுவது என்று எனக்கே பேசிக் காட்டினான். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். ஆமாம் என்று சொல்லப்போகிறேனா, இல்லை என்று சொல்லப்போகிறேனா என்று அப்போது எனக்கே தெரியாது. இதுவும் உண்மை.

தங்கராசுவின் மனு எடுக்கப்பட்டதும் ஒரு வேட்பாளரின் வக்கீல் எழுந்தார். முன்மொழிந்தவர் கையெழுத்தில் சந்தேகம் இருக்கிறது என்றார். பர்மனன்ட் வேலையில் இருப்பவர் கான்ட்ராக்ட் கூலிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரா என்பதுதான் அவர் சந்தேகம். தேர்தல் அதிகாரி நிதானமான மனிதர். என்னை முன்னால் வரச்சொல்லித் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"நீங்கதான் கலியபெருமாளா? இது நீங்க போட்ட கையெழுத்தா?"

நிமிர்ந்தேன். வாசலில் பந்தோபஸ்துக்கு நின்றவர்களில் அந்த ஏட்டும் இருந்தார். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"என்னுது இல்லீங்க."

தங்கராசு எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் வாயைத் திறந்து, 'இது பொய், என் கண்ணெதிரே போட்டான்' என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். அதிகாரி மனுவைத் தள்ளினார். பிறகு அவனைக் கிட்டே கூப்பிட்டு, "இன்னொருத்தர் கையெழுத்தப் போட்டா ஜெயில், தெரியுமா? படிச்சவனாட்டம் இருக்கே. போ, இந்த வாட்டி விட்டுட்டேன்" என்றார். அறை முழுக்க ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்துக்கு ஒரே ஒரு பஸ்தான். அதில்தான் இருவரும் திரும்பினோம். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவன் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். குறிஞ்சிப்பாடி வந்ததும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பாஸ்போட்டுக்காகவா?"

"ஆமா."

"சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேனே."

"தங்கராசு..." என்றேன்.

"வுடுங்க" என்றான். "நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க."

சுற்றிலும் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தும் 'நீங்க' என்றான். வடலூரில் இறங்கிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சித்திரையில் எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. அதற்குள் அவனைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் எத்தனை வழிகளைச் சுற்றிப் போனேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

5

சரோஜாவுக்குப் பாதிதான் தெரியும். கையெழுத்துப் போட்டதை அவள் பார்த்தாள். 'மனுவத் தள்ளிட்டாங்க' என்று மட்டும் அன்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நமக்கெல்லாம் தள்ளத்தான் செய்வார்கள் என்று நினைத்திருப்பாள்.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் கோபப்பட்டாள். "எம் பேர எடுக்கிறதுக்கு அவரு யாரு? ஊர்ல நமக்குன்னு ஒரு அடி மண்ணு இல்ல. அந்த லிஸ்ட்ல பேராவது இருந்துட்டுப் போவட்டுமே. என்னைக்காவது திரும்பிப் போனா, நாங்க இங்கத்து ஆளுங்கதான்னு சொல்லிக்கலாம் இல்ல?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா வந்து எச்சரித்ததையும் வாசலில் நின்ற ஏட்டையும் சொன்னேன். ஜெயில் என்று அதிகாரி சொன்னதைச் சொன்னேன். பஸ்ஸில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைச் சொன்னேன். ஜெயாவின் கடிதத்தில் இருந்த மைக் வண்டி வரியையும் படித்தேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. மலர் வந்து ஏதோ கேட்டாள். அவளை உள்ளே போகச் சொன்னாள்.

"அப்பா சொன்னதுக்காகவா?"

"நானே பயந்தேன்."

"அந்த அண்ணன் நம்ம வூட்ல நாக்காலில உக்காந்து காபி குடிச்சிட்டுப் போச்சி. நான்தான் குடுத்தேன்" என்றாள். அப்புறம், "ரெண்டு பேரையும் எடுக்கச் சொல்லி எழுதுங்க. வேணாம்னு சொல்ற மூஞ்சி நமக்கு இல்ல" என்றாள்.

அன்றே எழுதினேன். எங்கள் இருவர் பெயரையும் நீக்க முழுச் சம்மதம் என்று எழுதினேன். மன்னிப்பு என்று மூன்று முறை எழுதிப் பார்த்து, மூன்று தாளையும் கிழித்தேன். கடைசியில் தனித்தாள் ஒன்றில் இப்படி எழுதிக் கடிதத்தோடு வைத்தேன்: 'போன சட்டசபைத் தேர்தலில் தங்கராசு கொடுத்த வேட்புமனுவில் முன்மொழிந்தவர் கையெழுத்து நானே போட்டது. பரிசீலனையில் நான் பொய் சொன்னேன். இதை யாரிடமும் காட்டலாம்.'

தை கடைசியில் அவன் பதில் வந்தது. இந்த முறை அவன் மனு ஏற்கப்பட்டுவிட்டது. முன்மொழிந்தவள் அவன் மனைவி பச்சையம்மா. போன வருஷம்தான் அவள் பெயர் பட்டியலில் ஏறியதாம். காலனி ஜனங்களே இந்த முறை எதிர்க்கட்சி வக்கீலுக்குத்தான் போடுவார்கள் போலிருக்கிறது என்றும் எழுதியிருந்தான். "அரிசி இல்லாத வயிறு யார் ஜெயிப்பார்களோ அவர்கள் பக்கம்தான் போகும். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஓட்டுப் போடுகிறார்கள், அது போதும்."

கடைசியில் என் தாளைப் பற்றி: "நீங்கள் தனியாக எழுதியது கிடைத்தது. நோட்டீஸாக அடிக்கலாமா என்று தெரிந்த இரண்டு பேரைக் கேட்டேன். ஊரில் இல்லாதவர் எழுதியதை இங்கே யார் நம்புவார்கள், இதையும் கள்ளக் கையெழுத்து என்பார்கள் என்றார்கள். அதனால் அடிக்கவில்லை. பச்சையம்மாவுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். அவளுக்கும் இத்தனை நாள் சந்தேகம் இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. உங்கள் பெயர் இரண்டும் நீக்கியாகிவிட்டது."

சொந்த மனைவிக்கே சந்தேகம். ஐந்து வருஷம் ஒரே குடிசையில், ஒரே சோற்றுப் பானையில்.

இன்னும் சில நாளில் தேர்தல். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். தங்கராசு தோற்றிருப்பான். அந்தத் தோல்விக்கு நான் காரணம் இல்லை. ஆனால் அவன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லுக்கு நான் ஒருவனே காரணம். தேர்தல் போனாலும் அது போகாது. அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியிலும் அது காதில் விழும்.

குள்ளஞ்சாவடி சந்தையிலோ வடலூர் பஸ்ஸிலோ யாராவது அவனை அப்படிச் சொல்லக் கேட்டால், தயவுசெய்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டவன் பெயர் கலியபெருமாள், கூத்தங்கொல்லைக்காரன், போட்டுவிட்டு இல்லை என்றவன் என்று சொல்லுங்கள். நான் அங்கே வந்து சொல்ல இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ, எனக்குத் தெரியாது.